முன்கூட்டிப் போட்ட ஸ்தோத்திரம்

உக்காரும்போதே பாத்துட்டேன், பெட்டி அங்கனதான் இருக்கு. பலிபீடத்துக்கு இடப்பக்கம், முக்காலி மேல பச்சைத் துணி விரிச்சு, சின்னப் பூட்டு தொங்குது. அதுக்குள்ள என் கவர் கிடக்கு. வேற எங்கயாவது உக்காந்திருந்தா தூண் மறைச்சிருக்கும். ஆனா அடக்கம் முடிஞ்ச முதல் ஞாயித்துக்கிழமை துக்க வீட்டுக்காரங்க முன் பெஞ்சிலதான் உக்காரணும்ங்கிறது எங்க ஊர்க் கோயில்ல வழக்கம், வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டு, சபை பூரா நம்ம முதுகைப் பாக்கும்படியா. பாக்கட்டும். முதுகுல என்ன எழுதியா ஒட்டியிருக்கு. புதன்கிழமை மண்ணு போட்டாச்சு, இன்னைக்கு ஞாயிறு, நடுவுல வந்த நாளெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. யாரோ கஞ்சி கொண்டாந்தாங்க, யாரோ என் தலையை வாரிவிட்டாங்க, யாரோ என் வீட்டுக்காரவிய செருப்பை எடுத்து உள்ள வச்சாங்க, அதை மட்டும் நான் திரும்ப எடுத்துட்டு வந்து வாசல்ல போட்டேன். இதெல்லாம் நான் எனக்குள்ள நெனைச்சுக்கிடுறது. உம்மகிட்ட நான் பேசல, ஆண்டவரே. செவ்வாய்க்கிழமையோட நமக்குள்ள பேச்சு முடிஞ்சுபோச்சு. பக்கத்துல சொர்ணக்கனி மைனி உக்காந்திருக்காவ, அவியளுக்கு நேர் மூத்த அக்கா, முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு தேம்பிக்கிட்டே இருக்காவ. கூடப்பிறந்த தம்பி, அழத்தான் செய்வாவ. ஆனா அந்தக் கவரைப் போடு போடுன்னு சொன்னது இந்த வாய்தான்.

மாசத்துல முதல் ஞாயிறு, இன்னைக்கு மாதிரி, அந்தப் பெட்டியைத் திறப்பாங்க. யார் யாருக்கு ஆண்டவர் என்ன நன்மை செஞ்சாரோ அதை ஒரு துண்டுத்தாள்ல எழுதி, காணிக்கையோட கவர்ல வச்சு முன்னாலயே அதுல போட்டிருக்கணும். உபதேசியார் வேதமுத்து ஒவ்வொண்ணா பிளேடால கிழிச்சு சத்தமா வாசிப்பாரு, எழுதினவங்க எழுந்திரிச்சு நிப்பாங்க, சபை மொத்தமும் ஸ்தோத்திரம்னு சொல்லும். மகனுக்கு வேலை கெடச்சதுக்கு, மகளுக்குச் சுகப்பிரசவம் ஆனதுக்கு, பேரன் பாஸானதுக்கு, போட்ட போர்ல தண்ணி வந்ததுக்கு. கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷமா மத்தவங்களுக்கு ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லி என் தொண்டை தேஞ்சுபோச்சு, எனக்குன்னு ஒருதடவை எழுந்து நிக்க ஒரு சாக்கு கெடைக்கல. பிள்ளை இல்லாதவளுக்குப் பிரசவம் உண்டா, பாஸ் உண்டா, கல்யாணம் உண்டா. நம்ம வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்குல்லா, அதுக்குப் போடேம்ளா ஒரு கவர்ன்னு அவிய சிரிப்பாவ. எப்சிபாய் ஞானதிரவியம் வீட்டு ஆட்டுக்குச் சுகப்பிரசவம், ஸ்தோத்திரம்னு உபதேசியார் குரல்லயே சொல்லிக் காட்டுவாவ. நானும் சிரிச்சுட்டு, அடுப்படிக்குப் போய் அழுவேன். நான் அழுவேன்னு அவியளுக்கும் தெரியும். செத்த நேரம் விட்டுட்டு வந்து, என்ன, வெங்காயமா உரிச்சன்னு கேப்பாவ. வெங்காயமே இருக்காது அங்கன.

பாட்டுக்கு எழுந்திரிக்காங்க. நானும் எழுந்திரிக்கேன், வாயைத் திறக்கல. தலைக்கு மேல ஃபேன் சுத்துது. இந்தக் கோயில்ல இருக்கிற ஆறு ஃபேனையும் கழத்தி, காயில் கட்டி, திரும்ப மாட்டினது அவியதான். பம்புசெட்டு மோட்டாருக்குக் காயில் கட்டுறதுதான் அவியளுக்குத் தொழில், செம்புக் கம்பியைச் சுத்திச் சுத்தி விரல் நுனியெல்லாம் காய்ப்புக் காய்ச்சிருக்கும், என் கன்னத்தைத் தொட்டா சொரசொரன்னு இருக்கும். ஆஸ்பத்திரியில கிடக்கும்போதும் மேலயே பாத்துக்கிட்டு, இந்த ஃபேனுக்கு கண்டென்சர் போயிட்டுளா, ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கு, நானே மாத்திருதேன்னாவ. எழுந்து உக்காரவே ரெண்டு பேர் பிடிக்கணும், இவிய ஸ்டூல்ல ஏறப்போறாவளாம். செவ்வாய்க்கிழமை மத்தியானம், ஏளா எப்சி, ஃபேனைக் கொஞ்சம் குறைச்சு வையின்னாவ. குறைச்சு வச்சேன். பிளாஸ்க்கை எடுத்துக்கிட்டு வெந்நி வாங்கக் கீழ போனேன். திரும்பி வந்தா ஃபேன் மெதுவா சுத்திக்கிட்டிருக்கு, அவிய இல்ல. கிடக்காவ, ஆனா இல்ல. வாசல்லயே தெரிஞ்சுபோச்சு எனக்கு, அப்படியும் உள்ள வந்து, வெந்நியை டம்ளர்ல ஊத்தி, ஆத்தி, குடிக்கீயளான்னு கேட்டேன். துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் ஒண்ணுபோல, கடைசியா என்ன சொன்னாவ, ஆண்டவரைக் கூப்பிட்டாவளான்னு கேக்குதாங்க. ஃபேனைக் குறைக்கச் சொன்னாவன்னு நான் எப்படிச் சொல்ல. ஆமா, ஜெபம் பண்ணிக்கிட்டே போனாவன்னு சொல்லிட்டேன். அதுவும் பொய்தான், போன மாசம் எழுதிப் போட்ட பொய்க்குக் கூட ஒண்ணு.

எழுதினது நான்தான், வேற யாரையும் சொல்லிக் குத்தமில்ல. மைனி ஜெபக்குழுவுக்குப் போறவிய. கேட்டுக்கிட்டே இருந்தா சந்தேகப்படுதோம்னு அர்த்தம் எப்சி, கெடைச்சாச்சுன்னு விசுவாசிச்சு முன்கூட்டியே ஸ்தோத்திரம் எழுதிப் போட்டுரு, பொறவு பாரேன்னு கையைப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னாவ. அன்னைக்குக் காலையிலதான் டாக்டர் என்னை மட்டும் தனியா வெளிய கூப்பிட்டு, கேன்சர் ஈரல் பூரா பரவிட்டும்மா, அவர் ஆசைப்படுறதைக் கொடுங்கன்னு சொல்லியிருந்தாரு. அதை நான் அவியகிட்டயும் சொல்லல, மைனிகிட்டயும் சொல்லல. கவர் விஷயத்தை மட்டும் அவியகிட்ட சொன்னேன். சோறு வேகும் முன்னாலயே ஏப்பம் விடுத மாதிரில்லா இருக்குன்னு சிரிச்சாவ. சிரிச்சா வயித்துல வலிக்கும், வலியோடயே சிரிச்சாவ. பொறவு என் மொகத்தைப் பாத்துட்டு, சரி, எழுது, உனக்கு அது நிம்மதின்னா எழுதுன்னாவ. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்த நீளக் கவரை எடுத்தேன், ஓரத்துல பச்சைக் கோடு போட்டது, வேற கவர் இல்ல கையில. என் கணவர் ஞானதிரவியம் அவர்களுக்குப் பூரண சுகம் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், மனைவி எப்சிபாய். கொடுத்ததற்காகன்னு அடிச்சுத் திருத்தாம எழுதினேன். மைனியை அவிய பக்கத்துல உக்கார வச்சுட்டு, பஸ் ஏறி ஊருக்கு வந்து, பெட்டியில போட்டுட்டு, அடுத்த பஸ்லயே திரும்பினேன். அந்தத் திரும்பின பஸ்ல எனக்கு வந்த நிம்மதி இருக்கே, ஜன்னலோரம் உக்காந்து, தேரிக்காட்டுச் செம்மண்ணு மொகத்துல அடிக்க, மடியில வெறுங்கையை வச்சுக்கிட்டு, அப்படி ஒரு நிம்மதி என் ஆயுசுல கெடையாது. அவிய பிழைச்சே போயிட்டாவன்னு இல்ல. நான் ஒத்தையா இல்லன்னு, யாரோ பக்கத்து சீட்ல உக்காந்திருக்க மாதிரி. அதைத்தான் என்னால மன்னிக்க முடியல. செத்துப்போகப் போற ஆளுக்காக எழுதிக்கொடுத்தவளுக்கு எதுக்கு அந்த நிம்மதி? ஏமாத்துறதுக்கா? பக்கத்துல வந்து உக்காந்தீரே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கப்படாதா?

பாருங்க, யார்கிட்ட கேக்குதேன். பேசலன்னு சொல்லிட்டு நாலு கேள்வி கேட்டாச்சு, பழகின வாய். பாவ அறிக்கைக்கு முழங்கால் போடுதாங்க. மைனி என் கையைப் பிடிச்சு இழுக்காவ, நானும் முழங்கால் போட்டுட்டேன். எதை அறிக்கை செய்ய? பொய் எழுதினதையா? ஒருவேளை அதுக்குத்தான் அவியளை எடுத்துக்கிட்டீரோ, எங்கிட்ட இல்லாததை இருக்குன்னு எழுதி உம்ம சந்நிதியிலயே கொண்டாந்து போட்டேன்னு. இந்த நெனப்பு வெள்ளிக்கிழமைதான் முதல்ல வந்துது. வந்ததும் இருப்புக்கொள்ளல. வீட்டுல அம்புட்டு கூட்டம், பின்வாசல் வழியா நழுவிக் கோயிலுக்கு வந்தேன். கதவு திறந்துதான் கிடந்துது, ஒரு குருவியைத் தவிர யாரும் இல்ல. பெட்டியை மடியில தூக்கி வச்சுக்கிட்டு ஆட்டிப் பாத்தேன், உள்ள கவரெல்லாம் சரசரங்குது. பூட்டு சின்னப் பூட்டு, ஒரு கல்லை எடுத்துப் போட்டா விட்டுரும், கல்லும் வாசல்ல கிடக்கு. சாவி பாளையங்கோட்டையில இருந்து மாசம் ஒருதடவை ஆராதனை நடத்த வார பாதிரியார் ஐயர்கிட்ட. கேட்டா எதுக்கும்பாரு. என்ன சொல்ல, ஐயா, ஆண்டவரைக் கட்டாயப்படுத்திப் பாத்தேன், மசியல, எழுதினதைத் திருப்பிக் கொடுங்கன்னா? பெட்டியை இருந்த இடத்துலயே வச்சுட்டு, துணியை நேராக்கிட்டு வந்துட்டேன். எதுக்குத் துணியை நேராக்கினேன்னு தெரியல. இன்னும் ஒரு மணி நேரத்துல கோயில் விட்டுரும், மைனி தன் வீட்டுக்குப் போவாவ, நான் என் வீட்டுக்குப் போகணும், ஒரு ஆளுக்கு மட்டும் அரிசி களையணும். ஒரு ஆளுக்கு எம்புட்டு தண்ணி வைக்கணும்னே எனக்குத் தெரியாது. பயமா இருக்கு. சத்தியமா பயமா இருக்கு. செத்தவியளை நெனைச்சுப் பயமில்ல, அந்த உலையை நெனைச்சுத்தான் பயம்.

பிரசங்கம் முடிஞ்சுது. என்ன சொன்னாரு ஐயர், ஒரு வார்த்தை நிக்கல. பூட்டைத் திறக்குத சத்தம் மட்டும் நல்லாக் கேக்குது. பெட்டியைத் தட்டுல கவிழ்க்காங்க. கவரெல்லாம் சின்னச் சின்னதா விழுகுது, நடுவுல என்னுது நீளமா, பச்சைக் கோட்டோட. உபதேசியார் கண்ணாடியை மாட்டுதாரு, பிளேடை எடுக்காரு. மேல பேரெழுதுற வழக்கம் எங்க கோயில்ல இல்ல, அதனால கிழிச்சுப் பாக்குத வரைக்கும் அவருக்கே தெரியாது. வீடு கட்டி முடிச்சதுக்கு, ஸ்தோத்திரம். அம்மைபோட்டு நல்லானதுக்கு, ஸ்தோத்திரம். மைனிக்கும் இப்பந்தான் பொறி தட்டியிருக்கு, என் தொடையை அழுத்திப் பிடிக்காவ. ஏட்டி எப்சி, அது உள்ளயா இருக்குன்னு கேக்காவ. இருக்கு. ஐயோ, மறந்தே போச்சேட்டி, ஐயோ, நான் போய் வாங்கிட்டு வரட்டா? உக்காருங்க மைனி. மைனி கை ஐஸா இருக்கு. இத்தனை நாளா நானே பேசமாட்டேன்னு இருந்தேன் இவியகிட்ட, இப்ப பாத்தா என்னைவிடப் பயந்து கிடக்காவ. தம்பிக்கு நல்லது நெனைச்சு ஒரு வார்த்தை சொல்லிட்டு, அந்த வார்த்தையே தொண்டையில முள்ளா நிக்குது பாவம் மனுஷிக்கு. நீளக் கவர் உபதேசியார் கைக்குப் போயிட்டு. கிழிக்காரு. தாளைப் பிரிக்காரு. என் கணவர்னு வாயெடுத்தவரு, நிறுத்திட்டாரு. கண்ணாடிக்கு மேலால என்னைப் பாக்காரு. நான் அவரைப் பாக்கேன். ஃபேன் சத்தம் கேக்குது. மெதுவா அந்தத் தாளை மடிச்சு, தட்டுக்கு அடியில வச்சுட்டு, அடுத்த கவரை எடுக்காரு.

நல்ல மனுஷன். என்னைக் காப்பாத்திட்டாரு. யாருக்கும் தெரியாது, மைனி விட்ட பெருமூச்சு எனக்கே கேக்குது. ஆனா எனக்கு ஏன் இப்படிக் கொதிக்குது? இருபத்தெட்டு வருஷத்துல ஒரே ஒரு கவர். அதையும் தாண்டிப் போயாச்சு. வளைகாப்புக்கு வரிசை கட்டி நிக்கும்போது என்னைத் தாண்டிப் போவாங்களே, பிள்ளைக்குப் பேர் வைக்கிற வீட்டுல தொட்டில் பக்கம் போகவிடாம நாசூக்கா நகத்துவாங்களே, அதே மாதிரி. பாவம், அவளை விட்டுருங்க, அவளுக்கு ஒண்ணுமில்லன்னு. எனக்கா ஒண்ணுமில்ல? ஞானதிரவியம்னு ஒரு ஆளு இருந்தாவ எனக்கு. அடுப்படி வாசல்ல வந்து நின்னு வெங்காயமான்னு கேட்டாவ. வயித்துவலியோட எனக்காகச் சிரிச்சாவ, நிம்மதின்னா எழுதுன்னாவ. அந்தப் பேரு அந்தத் தாள்ல இருக்கு, அடியில கிடக்கு. அது பொய்யா இருந்தா பொய்யாவே இருக்கட்டும். டாக்டர் சொன்னதைக் கேட்டுட்டுத்தானே எழுதினேன், ஒண்ணும் தெரியாமலா எழுதினேன்? எனக்கு ஆசை, அவிய பிழைக்கணும்னு. அந்த ஆசையைத் தாள்ல எழுதிக் கொண்டாந்து கொடுத்தேன். வேற யார்கிட்ட கொடுப்பேன்? எனக்கு வேற யாரு இருக்கா? நான் எழுந்திரிச்சுட்டேன். எப்ப எழுந்திரிச்சேன்னு எனக்கே தெரியல.

மைனி சேலையைப் பிடிச்சு இழுக்காவ. உபதேசியாரே, என்னோடதை விட்டுட்டியன்னு சொல்லுதேன். குரல் யாரோடதோ மாதிரி இருக்கு. அவர் மேடையை விட்டு இறங்கி என் பக்கத்துல வாராரு, மெதுவாக் கேக்காரு, அம்மா, அண்ணாச்சி ஜீவிச்ச நாளுக்காக ஸ்தோத்திரம்னு மாத்தி வாசிக்கட்டுமா? நல்லாத்தான் இருக்கு அது, கேக்கவும் அழகாத்தான் இருக்கு. வேண்டாம், எழுதினது எழுதினபடியே வாசிங்க, கேட்டது என்னன்னு தெரியட்டும். அவர் கண்ணாடியைத் துடைக்காரு. ஐயர் பக்கம் திரும்பிப் பாக்காரு, ஐயர் தலையை ஆட்டுதாரு. வாசிக்காரு. என் கணவர் ஞானதிரவியம் அவர்களுக்குப் பூரண சுகம் கொடுத்ததற்காக ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், மனைவி எப்சிபாய். கோயில் அப்படியே கிடக்கு. சொல்லமாட்டாங்க, எப்படிச் சொல்லுவாங்க, கல்லறை மண்ணு இன்னும் காயல. அப்பந்தான் பக்கத்துல மைனி எழுந்திரிக்காவ, முட்டுவலிக்காரி, பெஞ்சைப் பிடிச்சு எழுந்திரிச்சு, என் தோளோட சாஞ்சு நின்னுக்கிட்டு ஸ்தோத்திரம்னு சொல்லுதாவ. சொல்லி முடிக்க முடியாம அழுதாவ. பொறவு பின்னால ஒவ்வொருத்தரா, ஒண்ணா இல்லாம, முன்னப்பின்ன. ஆம்பளைப் பக்கத்துல அவிய கூட்டாளிமாரு குரலெல்லாம் எனக்குத் தெரியுது. நான் சொல்லல. என்னால முடியல. ஆனா அவிய பேரு இந்தச் சுவத்துல பட்டு, ஓட்டுல பட்டு, என் மேல வந்து விழுந்துது. மாரு வலிக்குது. வலிக்குது, ஆனா அந்த பஸ்ல பக்கத்து சீட்ல உக்காந்திருந்த மாதிரியே யாரோ நிக்காங்க. சுகம் தரல நீர். ஏன் தரலன்னு சாகுற வரைக்கும் கேப்பேன், பதில் சொல்லாட்டாலும் கேப்பேன். உம்மை விட்டுட்டுப் போறதுக்கு எனக்கு வேற வீடு இல்ல.

உபதேசியார் அடுத்ததைக் கிழிச்சுட்டாரு. பார்வை தாள்ல ஓடுது, மொகம் வெளிறிப்போச்சு, ஆனா இந்தத் தடவை நிறுத்தப் பயந்து கடகடன்னு வாசிச்சுடுதாரு. விபத்தில் அடிபட்ட என் கணவர் ஆல்வினுக்கு உயிர்ப்பிச்சை கொடுத்ததற்காக ஸ்தோத்திரம், மனைவி பொன்சீலி. வடக்குத்தெருப் பிள்ளை. கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகல, அதுக்குள்ள மாப்பிள்ளை பைக்கோட லாரியில போய் மோதி, டாக்டரெல்லாம் கைவிட்டு, எப்படியோ பிழைச்சு வந்துட்டான். அந்தா ஆம்பளைப் பக்கத்துல ஊன்றுகம்போட உக்காந்திருக்கான். யாரும் எழுந்திரிக்கல. யாரும் ஸ்தோத்திரமும் சொல்லல. எல்லாரும் என்னையே பாக்காங்கன்னு முதுகுக்குத் தெரியுது. திரும்பிப் பாக்கேன். நாலாவது பெஞ்சில பொன்சீலி பாதி எழுந்திரிச்சவ, என் கண்ணைப் பாத்ததும் படக்குன்னு உக்காந்து தலையைக் குனிஞ்சுக்கிட்டா. ஏதோ என் வீட்டுல இருந்து களவாண்டுட்டுப் போனவ மாதிரி. எனக்குப் பொறாமை இல்லன்னு சொன்னா அதுவும் பொய். அந்தக் கம்பைப் பாக்கப் பாக்க வயிறு எரியுது, அவியளும் ஒரு கம்பை ஊன்றிக்கிட்டாவது அங்கன உக்காந்திருக்கப்படாதான்னு. ஆனா அடி கோட்டிக்காரி, உன் மாப்பிள்ளை பிழைச்சதுக்கு என்கிட்ட உனக்கு என்னட்டி வெக்கம். இனி மாசாமாசம் இப்படித்தானா, என்னைக் கண்டதும் ஊரே சந்தோஷத்தை முந்தானையில மறைக்கணுமா. ஏட்டி பொன்சீலி, எழுந்திரிட்டின்னு சொல்லுதேன். அவ அசையல. மைனி கையை விட்டுட்டு அவ பக்கமா முழுசாத் திரும்பி நின்னுக்கிட்டேன். சபை வாயைத் திறக்கும் முன்னால நானே சொன்னேன், ஸ்தோத்திரம். கரகரன்னுதான் வந்துது, ஆனா கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டுது. பொன்சீலி ரெண்டு கையாலயும் மொகத்தைத் துடைச்சுக்கிட்டு எழுந்து நின்னா.